பிள்ளைக்குத் துளைக்கருவி ஒன்று: சுங்கை சிப்புட் போன்ற ஊரில் எதைத் தேர்வது?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் ஒரு பிள்ளை துளைக்கருவி கற்க ஆசைப்பட்டால், பெற்றோர் முன்னே ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளியின் இரண்டாம் நிலையில் இசைக்கல்விப் பாடத்தோடு வரும் ரெக்கார்டர், கர்நாடக இசையின் புல்லாங்குழல், இடைநிலைப்பள்ளி வாத்தியக் குழுவில் கிடைக்கக்கூடிய மேனாட்டுப் புல்லாங்குழல், கிளாரினெட், சாக்சபோன், கோயிலில் ஒலிக்கும் நாதஸ்வரம் என்று அவற்றை வரிசைப்படுத்தலாம். இவற்றில் எது இனிமையானது என்று கேட்டால் அவரவர் காதுக்குப் பழகியதையே சொல்வார்கள். என் கருத்தில் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள்: பிள்ளை வாசிப்பதை வாரந்தோறும் ஒரே அறையில் இருந்து கேட்டுத் திருத்தக்கூடியவர் யார்? கற்றதை யாரோடு சேர்ந்து, எந்த இடத்தில் வாசிக்கப் போகிறது? விலையும் ஒலியழகும் இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும்.

ஆசிரியர் அருகில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், துளைக்கருவியில் நிகழும் பிழைகளில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாதவை என்பதே. வயலினில் வில் கோணலாகப் போனால் திரையில் பார்க்கும் ஆசிரியருக்கும் தெரிந்துவிடும். ஆனால் நாக்கு எங்கே படுகிறது, மூச்சு அடிவயிற்றிலிருந்து எழுகிறதா அல்லது தொண்டையில் இறுகுகிறதா, உதடு எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்பதையெல்லாம் நேரில் ஒலியைக் கேட்டே கண்டுபிடிக்க முடியும். கைப்பேசியின் ஒலிவாங்கியோ அந்த நுட்பங்களைச் சமன் செய்து அழித்துவிடுகிறது. சென்னையிலோ திருச்சியிலோ உள்ள குருவிடம் இணையவழியில் கீர்த்தனை பாடம் செய்வது நல்ல வழிதான். முதல் ஒலியைப் பிறப்பிக்கவும் முதல் ஆண்டின் பழக்கங்களை அமைக்கவும் அது போதாது. ஆசிரியரைத் தேடிப் போகக்கூடிய ஈப்போ நகரம் நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. ஆலையில் மாற்று நேர வேலை பார்க்கும் பெற்றோருக்கு வாரம் ஒருமுறை அங்கே போய் வருவதே பெரிய ஏற்பாடு என்பதால், தேர்வு செய்யும்போதே அந்தப் பயணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரெக்கார்டரைப் பள்ளிக்கூட விளையாட்டுப் பொருளாகக் கருதி ஒதுக்குபவர்கள் அதன் பயனை அறியாதவர்கள். ஐம்பது ரிங்கிட்டுக்குள் நல்ல நெகிழிக் கருவி கிடைக்கிறது. ஊதியவுடன் ஒலி பிறக்கிறது. விரல்களைத் துளையின் மேல் காற்றுக் கசியாமல் வைக்கவும், நாக்கால் ஒவ்வொரு சுரத்தையும் பிரித்து ஒலிக்கவும், மூச்சை மெல்ல விடவும் அதிலேயே பழகிக்கொள்ளலாம். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜெர்மானிய விரலமைப்பு, பரோக் விரலமைப்பு என இதில் இரண்டு வகைகள் உண்டு. முன்புறத் துளைகளில் மேலிருந்து எண்ணும்போது ஐந்தாம் துளை நான்காம் துளையைவிடச் சிறியதாக இருந்தால் அது ஜெர்மானிய வகை. பெரியதாக இருந்தால் பரோக். முதல் வகையில் தொடக்கப் பாடம் சற்று எளிது, ஆனால் மேலே போகப்போகச் சில அரைச்சுரங்கள் சுருதி பிசகும். பள்ளியில் ஆசிரியர் எந்த வகையைக் கற்பிக்கிறாரோ அதையே வாங்குவது முறை. அவர் இரண்டையும் ஏற்பவராயின் பரோக் வகையே நெடுநாள் உதவும். ஓராண்டு ரெக்கார்டரை ஒழுங்காக வாசித்த பிள்ளை பிறகு எந்தத் துளைக்கருவிக்குப் போனாலும் முன்னேற்றம் விரைவாக இருக்கும்.

புல்லாங்குழலுக்கு வருவோம். இதைப் பற்றித்தான் பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள், தவறான கருவியை வாங்குவதும் இதில்தான் அதிகம். தைப்பூசக் கடைகளில் நூல் சுற்றி வண்ணம் பூசித் தொங்கவிடப்படும் குழல்கள் அலங்காரப் பொருள்கள். அவற்றில் சுருதி சேராது, பிள்ளை தனக்குத்தான் வாசிக்க வரவில்லை என்று எண்ணிக் கைவிட்டுவிடும். இணையத்தில் வாங்குவோர் ஆறு துளை கொண்ட வட இந்தியப் பான்சுரியைக் கர்நாடகக் குழல் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். கர்நாடகக் குழலில் விரல் வைக்கும் துளைகள் எட்டு, விரலமைப்பும் வேறு. நம் குழலில் முதல் இரண்டு துளைகளை மூடினால் ஆதார சட்ஜம் (‘ஸ’ என்னும் அடிப்படைச் சுரம்) ஒலிக்கும், பான்சுரியில் மூன்று துளைகளை மூட வேண்டும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தடுமாறும்.

தொடக்கக்காரருக்குப் பெரும்பாலும் ஐந்து கட்டைக் குழலையே (கட்டை என்பது ஆதார சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) ஆசிரியர்கள் பரிந்துரைப்பார்கள். அது ஏறக்குறைய ஒன்றரைச் சாண் நீளமே இருப்பதால் சிறுவர் விரல்களுக்கும் துளைகள் எட்டும். பெண்பிள்ளைகள் பாடும் சுருதியும் ஐந்து, ஐந்தரைக் கட்டையை ஒட்டியே இருப்பதால், தேவார வகுப்பில் பாடும் தோழியரோடு இந்தக் குழல் இயல்பாகச் சேரும். ஆண்கள் ஒரு கட்டையில் பாடும் பஜனையில் என்ன செய்வது என்று சிலர் கேட்பதுண்டு. ஐந்து கட்டைக் குழலின் சுத்த மத்தியமம் (‘ம’) ஒரு கட்டைச் சட்ஜமாகவே அமைகிறது. மத்தியம சுருதியில் வாசிக்கக் கற்றுக்கொண்டால் புதிய குழல் வாங்காமலேயே அந்தப் பஜனையிலும் கலந்துகொள்ளலாம்.

முதல் சில வாரங்கள் ஒலியே வராமல் போகலாம். உதட்டிலிருந்து வரும் காற்று, துளையின் எதிர் விளிம்பில் பட்டுப் பிளந்தால்தான் குழலுக்குள் ஒலி எழும். விளிம்பைத் தவறவிட்டால் வெறும் காற்றுதான். தலைசுற்றல் வந்தால் நிறுத்தி உட்கார வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை. இதற்கு அப்பால் உள்ள சிரமத்தைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. கர்நாடக இசைப் பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குவது வழக்கம். ஆனால் துளைகளை முழுமையாகத் திறந்தும் மூடியும் வாசிக்கும்போது குழலில் இயல்பாக அமைவது அரிகாம்போதி ராகம். ஆகவே மாயாமாளவகௌளையின் சுத்த ரிஷபத்துக்கும் சுத்த தைவதத்துக்கும் துளையைப் பாதியளவே மூடும் நுணுக்கம் தேவை. அனுபவமுள்ள ஆசிரியர் சிலர் முதலில் அரிகாம்போதியிலோ சங்கராபரணத்திலோ தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையைச் சொல்லிக் கொடுத்து, பிறகே மாயாமாளவகௌளைக்கு வருவதை முறைகேடாக எண்ண வேண்டாம். கருவியின் இயல்பறிந்து செய்யும் காரியம் அது.

இந்தச் சிரமமே குழலின் சிறப்புக்கும் அடிப்படை. விரல்நுனி துளையின் மேல் மெல்ல நகரும்போது ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு ஒலி வழுக்கிச் செல்கிறது. சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் அங்கேதான் பிறக்கிறது. கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872–1904) குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தினார். பின்னர் டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) விரலமைப்பையும் ஊதும் முறையையும் மாற்றி, வாய்ப்பாட்டின் வளைவுகளைக் குழலில் அப்படியே கொண்டுவந்தார். அவருடைய மாணவர் என். ரமணி (1934–2015) அந்த வழியை உலக மேடைகளுக்கு எடுத்துச் சென்றார். பாடத் தெரிந்த பிள்ளைக்குத்தான் இந்தக் கருவி முழுமையாகத் திறந்துகொடுக்கும். எனவே ஏற்கெனவே தேவாரமோ திருப்புகழோ சுருதியோடு பாடும் பிள்ளையாக இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் புல்லாங்குழலையே தேர்வு செய்யுங்கள் என்பேன். பாடவே கூச்சப்படும் பிள்ளையாக இருந்தால், குழலோடு வாய்ப்பாட்டையும் சேர்த்துக் கற்பிக்கும் ஆசிரியரைத் தேட வேண்டும்.

மூங்கிலுக்கு நம் ஊர் ஈரப்பதத்தால் பூஞ்சை பிடிப்பதுண்டு. குளிர்சாதனத்தின் நேர்க்காற்றிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைத்தால் விரிசல் விடும். வாசித்து முடித்தவுடன் உட்புறத்தை மெல்லிய துணியால் துடைத்து, சற்று ஆறவிட்டுப் பையில் வைத்தால் போதும்.

மேனாட்டுப் புல்லாங்குழலைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. தியோபால்ட் போம் 1847இல் அமைத்த உலோக உடலும் சாவிகளும் (துளை மூடும் விசைகள்) கொண்ட கருவியே இன்றைய வடிவம். நீளம் 67 சென்டிமீட்டர் அளவில் இருப்பதால் கை நீளாத சிறுவருக்கு வளைந்த தலைப்பகுதி கொண்ட கருவி வேண்டும். பெயர்பெற்ற நிறுவனங்களின் மாணவர் கருவியே 2,000 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். வாத்தியக் குழுவில் இடம் கிடைத்தால் வாசிக்கலாம். அதற்காகவே தனியாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிளாரினெட்டும் சாக்சபோனும் பள்ளி வாத்தியக் குழு வழியாகத்தான் நம் பிள்ளைகளை வந்தடைகின்றன. இரண்டிலும் ஊதுமுனையில் ஒற்றை நாணல் தகடு இருக்கிறது, இரண்டுக்கும் உதட்டின் பிடி ஏறத்தாழ ஒன்றுதான். உட்குழாயின் வடிவத்தில்தான் வேறுபாடு. சாக்சபோனின் குழாய் கூம்பாக விரிவதால், அதே விரலமைப்பில் மேல் ஒலிக்கு மாற்றும் விசையைத் தட்டினால் சரியாக ஒரு ஸ்தாயி (ஏழு சுர வரிசை ஒன்று) மேலே போகிறது. கிளாரினெட்டின் குழாய் நேரான உருளை. அதே செயலைச் செய்தால் ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் சேர்ந்து உயர்கிறது. அதாவது கீழே சட்ஜத்துக்கு வைத்த விரல்கள் மேலே பஞ்சமத்தைத் தரும். கிளாரினெட் கற்கும் பிள்ளை கீழுக்கும் மேலுக்கும் தனித்தனி விரலமைப்பை மனத்தில் பதிக்க வேண்டியிருப்பதும், நடுவில் உள்ள இடைவெளியைக் கடக்கப் பல மாதங்கள் உழைப்பதும் இதனால்தான். ரெக்கார்டர் வாசித்த பிள்ளைக்கு ஓர் ஆறுதல் உண்டு: கிளாரினெட்டின் மேற்பகுதி விரலமைப்பு ரெக்கார்டரை ஒத்திருக்கும்.

முதல் நாளிலேயே பெரிய ஒலி தருவது சாக்சபோன். திருமண விருந்துகளில் திரைப்பாடல் வாசிக்கக் கேட்ட பிள்ளைகள் அதன்மேல் ஆசைப்படுவது இயற்கை. ஆனால் ஆல்டோ சாக்சபோன் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எடை கொண்டது, கழுத்தில் தொங்கவிட வேண்டியது. விலையும் கிளாரினெட்டைவிட வெகுவாகக் கூடுதல். அதன் எல்லாத் துளைகளும் தோல் மெத்தையிட்ட மூடிகளால் அடைபடுவதால், விரலை நகர்த்திக் கமகம் கொண்டுவர இயலாது; உதட்டின் இறுக்கத்தாலேயே அதைச் சாதிக்க வேண்டும். கத்ரி கோபால்நாத் (1949–2019) கருவியில் சில மாற்றங்கள் செய்து, 1994இல் லண்டன் பிபிசி பிராம்ஸ் விழா மேடையில் கர்நாடக இசையை அதில் வாசித்துக் காட்டினார். அவருக்கு அது கைகூடியதற்குப் பின்னால் பல்லாண்டு சாதகம் இருக்கிறது.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் கிளாரினெட் என்பேன். கிளாரினெட்டில் பழகிய வாய் சாக்சபோனுக்கு எளிதில் மாறும். மறுபக்கம் மாறுவது கடினம். மேலும் கிளாரினெட்டுக்கு நம் இசையில் நூறாண்டுக்கு மேற்பட்ட வாழ்வு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே மகாதேவ நட்டுவனார் அதைச் சதிர் என்னும் நடனக் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். நாதஸ்வரம் கற்றுக் கிளாரினெட்டுக்கு வந்த ஏ. கே. சி. நடராஜன் 2008இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். வாத்தியக் குழுவில் அணிவகுப்பு இசை வாசிக்கும் பிள்ளை, அதே கருவியில் பிற்காலத்தில் ஆலாபனையும் செய்யலாம்.

ஆயினும் வாத்தியக் குழு வழியில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது, பெற்றோர் அதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதில்லை. பொதுவாகக் கருவி பள்ளிக்குச் சொந்தம். ஐந்தாம் படிவம் முடிந்ததும் பிள்ளை வெளியே வருகிறது, கருவி பள்ளி அலமாரியிலேயே தங்கிவிடுகிறது, ஐந்தாண்டுப் பயிற்சியும் அங்கேயே நின்றுபோகிறது. நான்காம் படிவத்திலும் ஆர்வம் குறையாமல் இருக்கும் பிள்ளைக்குச் சொந்தக் கருவி வாங்கித் தருவது பற்றிக் குடும்பம் அப்போதே முடிவு செய்ய வேண்டும். நம் தட்பவெப்பத்துக்கு மரக் கிளாரினெட்டைவிட உறுதியான நெகிழியில் செய்த மாணவர் கருவியே ஏற்றது, அது விரிசல் விடாது. நாணல் தகடு தேயும் பொருள், சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒன்றரை அல்லது இரண்டு என்று எண்ணிட்ட மெல்லிய தகட்டில் தொடங்குவது நல்லது. ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி ஆகிய பிரிட்டன் இசைத்தேர்வு அமைப்புகளின் படிநிலைத் தேர்வுகள் மலேசியாவில் நடைபெறுவதால், சான்றிதழ் வேண்டும் என்று கருதுவோருக்கு இந்த வழி வசதியானது.

இனி நாதஸ்வரம். மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமானது இது. நம் ஊருக்கு அதிகம் தேவைப்படுவதும் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலிலிருந்து பட்டணத்துப் பெரிய கோயில் வரை, திருமணத்திலிருந்து தேர் ஊர்வலம் வரை இந்த ஒலி இல்லாமல் எதுவும் நிறைவு பெறுவதில்லை. அப்படியிருந்தும் வாசிக்க உள்ளூரில் ஆள் போதாமல், தமிழ்நாட்டிலிருந்து வித்துவான்களை வரவழைக்கும் வழக்கம் தொடர்கிறது, வசதியில்லாத சிறிய கோயில்களோ ஒலிப்பதிவைப் போட்டுச் சமாளிக்கின்றன. முகூர்த்த நேரத்தில் மணமகளின் முகம் பார்த்துக் கெட்டிமேளத்துக்கு மாறும் கலைஞரின் இடத்தை ஒலிப்பதிவு நிரப்பாது.

கருவியைச் சற்றுத் தெரிந்துகொள்வோம். ஆச்சா மரத்தில் கடைந்த கூம்புக்குழல், அடியில் விரிந்த அணசு, மேலே உலோகக் கெண்டை, அதில் செருகும் சீவாளி ஆகியவை இதன் உறுப்புகள். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் செய்யப்படும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் வைக்க ஏழு துளைகள் மேலே இருக்கின்றன. கீழ்ப்பகுதியில் உள்ள துளைகளை மெழுகால் அடைத்தோ திறந்தோ சுருதியைச் சரிசெய்வார்கள். குட்டையான, உச்சமாக ஒலிக்கும் திமிரி வகையின் இடத்தில், இரண்டரை அடிக்கு மேல் நீண்ட பாரி வகையை நிலைபெறச் செய்தவர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). நம் மலாய் அண்டைவீட்டார் தோற்பாவைக் கூத்தான வயாங் கூலிட்டிலும் தற்காப்புக் கலையான சிலாட்டிலும் வாசிக்கும் செருனாயும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கேட்கவைக்கலாம்.

சீவாளி இரட்டை நாணல். அதை உதடுகளுக்கிடையே பிடித்து, மூச்சின் அழுத்தத்தை நொடிக்கு நொடி மாற்றியே அரைச்சுரங்களையும் கமகங்களையும் பிறப்பிக்க வேண்டும். சாவி இல்லை, உதவிக்கு எந்த இயந்திர அமைப்பும் இல்லை. காணொளியைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இங்கே கொஞ்சமும் இடமில்லை. சீவாளிகளும் தமிழ்நாட்டிலிருந்தே வர வேண்டியிருப்பதால், ஒரே நேரத்தில் பல வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வரிசை வீட்டில் சாதகம் செய்ய முடியாது. சுவருக்கு அப்பால் இரவுவேலை முடித்து உறங்குபவர் இருப்பார். கோயில் நடை சாத்தியிருக்கும் பிற்பகல் வேளையில் மண்டபத்தைக் கேட்டுப் பெறுவதே நடைமுறை வழி. புல்லாங்குழலுக்கு இந்தத் தொல்லை இல்லை, கிளாரினெட்டை மெல்ல வாசிக்கலாம், சாக்சபோனின் ஒலியோ நாதஸ்வரத்தின் அளவை நெருங்கிவிடும்.

நாதஸ்வரம் பெண்பிள்ளைக்கு ஆகாது, குறிப்பிட்ட குடும்பத்தாருக்கே உரியது என்ற பேச்சு இன்னும் காதில் விழுகிறது. நாதஸ்வரக் கலைஞரான மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் பல்லாண்டுகளுக்கு முன்பே அதைப் பொய்யாக்கினார். இஸ்லாமியரான நாதஸ்வர வித்துவான் ஷேக் சின்ன மௌலானா 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். ஷேக் மகபூப் சுபானி, காலிஷாபி மகபூப் என்னும் நாதஸ்வரத் தம்பதியருக்கு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கலை யாரிடமும் குலத்தையோ மதத்தையோ பாலினத்தையோ கேட்டதில்லை. நம் ஊரிலும் கேட்கக் கூடாது.

ஆகவே என் முடிவைப் பிள்ளைகளின் நிலைக்கேற்பச் சொல்கிறேன். நான்காம், ஐந்தாம் ஆண்டில் படிக்கும் பிள்ளைக்கு ரெக்கார்டரே போதும், அதை அக்கறையோடு வாசிக்கச் செய்யுங்கள். பாடும் பிள்ளைக்கு, ஈப்போ வரை போய் வர முடியுமானால், புல்லாங்குழல். இடைநிலைப்பள்ளியில் உண்மையாக இயங்கும் வாத்தியக் குழுவும் பொறுப்பான பயிற்றுநரும் இருந்தால் கிளாரினெட். குழு பெயரளவில் மட்டும் இருந்தால் அந்த வழியில் போக வேண்டாம். பல் விழுந்து முளைக்கும் வயதிலும் பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கும் காலத்திலும் மேற்பல்லை ஊன்றிப் பிடிக்கும் கிளாரினெட்டும் சாக்சபோனும் வலி தரக்கூடும், சிறிது காலம் தள்ளிவைக்கலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளையை எந்தக் கருவியானாலும் மருத்துவரைக் கேட்ட பிறகே சேர்க்க வேண்டும்; புகைமூட்ட நாள்களில் யாரும் நெடுநேரம் ஊதக் கூடாது.

நாதஸ்வரத்தை மட்டும் ஒரு குடும்பத்தின் தனி முடிவாக விடக் கூடாது என்பது என் எண்ணம். ஒரு பிள்ளை தனியாகக் கற்றால் சுருதிக்குழலான ஒத்து ஊதவும் தவில் வாசிக்கவும் துணை இருக்காது, ஓராண்டில் சலிப்பு வந்துவிடும். இரண்டு பேர் நாதஸ்வரத்துக்கும் இரண்டு பேர் தவிலுக்குமாக நான்கு பிள்ளைகள் ஒன்றாகத் தொடங்க வேண்டும். கோயிலில் ஏற்கெனவே வாசிக்கும் வித்துவானிடம், அவருடைய பூசை நேரம் போக மீதி நேரத்தில், வாரம் இரண்டு பாடம் கேட்கலாம். அவருடைய ஊதியத்தோடு கற்பிக்கும் தொகையையும் சேர்த்துக் கொடுப்பதும், கருவிகளையும் சீவாளிகளையும் கோயில் பெயரிலேயே வாங்கிப் பிள்ளைகளுக்குக் கடனாகத் தருவதும் ஆலய நிர்வாகத்தின் பொறுப்பாக இருக்க வேண்டும். அயல்நாட்டு வித்துவான் அனுமதிக்காலம் முடிந்து ஊர் திரும்பினாலும் பாடம் அறுந்துபோகாதபடி, அவர் இங்கிருக்கும்போதே பாடங்களைச் சுரப்படுத்தி எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவுசெலவுக் கணக்கு படிக்கும்போது, திருவிழாச் செலவுக்கு அருகில் இதற்கும் ஒரு தொகையை ஒதுக்கும்படி உறுப்பினர்கள் எழுந்து கேட்கலாம்.